ஊர் படித்த மெயில்

வீட்டு வரி கட்டப் போகிறவர்கள் எங்கள் ஊரில் யாரும் சிரித்த முகத்தோடு போவதில்லை. நான் போவேன். ரசீதில் வீட்டு வரிக்குக் கீழே நூலக வரி என்று தனியாக ஒன்று இருக்கும். பஞ்சாயத்து ஆபீஸ் தம்பி அதையும் கூட்டிச் சொல்லும்போது, "நான் எந்தக் காலத்துல புஸ்தகம் படிச்சேன், எனக்கு எதுக்கு இந்தத் தெண்டம்" என்று எல்லோரும் மல்லுக்கட்டுவார்கள். நானும் ஒரு காலத்தில் மல்லுக்கட்டியவள்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இப்போது அந்த வரிக்கு மட்டும் வாயைத் திறப்பதில்லை. கொடுத்துவிட்டு மனதுக்குள் ஒரு கும்பிடும் போட்டுவிட்டு வருகிறேன்.

கோவில்பட்டியில் எப்போதும்வென்றான் என்ற ஊருக்குப் போகும் பஸ் ஏறி, பாதி வழியில் இறங்கி, கருவேல மரங்களுக்கு நடுவே நடந்தால் எங்கள் ஊர். பாதிப் பேர் ஆடு வைத்திருந்தார்கள், பாதிப் பேர் மானாவாரி வெள்ளாமை. மழை பெய்தால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் தெருவில் நடக்க முடியும். இல்லையென்றால் கரிசல் மண் அதைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும். இந்த ஊருக்கு ஒரு நூலகம். ஒற்றை அறை, இரண்டு அலமாரி, நடுவில் ஒரு நீள மேசை. மேசையைச் சுற்றி ஆண்கள். பெண்கள் உள்ளே போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நாற்காலியில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்குள் எந்தப் பெண் போவாள்?

அந்த மேசையில் பேப்பரை ஒருவர் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். படிக்கிறவர் எனக்கு மாமா முறை. ஆடு மேய்க்கிறவர். காட்டின் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடியில் நிற்கும் ஆட்டை அதட்டிப் பழகிய குரல். ஆட்டைப் பத்திக்கொண்டு போவதற்கு முன்னால், காலையில் வந்து உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து பருத்தி விலை, கண்ணீர் அஞ்சலி, நிலம் விற்பனைக்கு என்பதுவரை ஒன்று விடாமல் படிப்பார். தண்ணீர்க் குழாயில் குடத்தோடு நிற்கும் எங்களுக்கே நாட்டு நடப்பு காதில் விழும். எழுத்துத் தெரியாதவர்கள் நிறையப் பேர் இருந்த ஊரில் அது ஒரு ஏற்பாடு. பேப்பர் எல்லோருக்கும் பொது, ஆகவே சத்தமாகப் படிக்க வேண்டும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, மூன்று நான்கு வருஷம் கழித்து, அந்த நூலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. தொகுதி நிதியில் பெட்டி வாங்கிக் கொடுத்தார்கள். டெலிபோன் லைனுக்கும் இன்டர்நெட்டுக்கும் நூலகப் பணத்திலிருந்து கட்டுவார்கள் என்று சொன்னார்கள். பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். பக்கத்தில் போகிறவர்கள் செருப்பைக் கழற்ற வேண்டும். லைன் போடும்போது மோடம் கீச்சுக் கீச்சென்று கத்தும். அதைக் கேட்கவே ஒரு கூட்டம். கோவில்பட்டியில் இருந்த பிரவுசிங் சென்டர்களில் திரை போட்டு அறை அறையாகப் பிரித்திருப்பார்கள், பெண் பிள்ளைகளை அந்தப் பக்கம் விட மாட்டார்கள். எங்கள் ஊர்ப் பெட்டி வாசலைப் பார்த்து, பேப்பர் மேசைக்கு எதிரிலேயே இருந்தது. யார் என்ன பார்த்தாலும் ஊரே பார்க்கலாம்.

மாமா மறுநாளே வீட்டு வரி ரசீதை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போயிருக்கிறார். "சார், இதுல நூலக வரின்னு போட்டிருக்குல்லா. அப்போ இந்தப் பெட்டியில எனக்கும் பங்கு உண்டும்லா?" என்று கேட்டாராம். நூலகர் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், புதிதாக வேலைக்கு வந்தவர், யாரிடமும் எதிர்த்துப் பேச மாட்டார். "உண்டு, பெரியவரே" என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு அந்த ரசீது மாமாவின் சட்டைப் பையை விட்டு இறங்கவில்லை. பெட்டியைத் தொட மாட்டார். எதிரில் உட்கார்ந்து, திரையில் வருவதை எழுத்துக் கூட்டிப் படிப்பார், அதுவும் சத்தமாக.

எனக்கு இதெல்லாம் காதில் விழுந்த கதைதான். என் கவலை வேறாக இருந்தது.

என் மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு மற்றப் பிள்ளைகள் ஓடிவரும்போது இவள் வேலியோரம் குத்தவைத்து உட்கார்ந்துவிடுவாள். மூச்சு வாங்கும். மாதம் ஒரு தடவை சளி, காய்ச்சல். கண்ணேறு என்றார்கள், குடல் தட்டியிருக்கும் என்றார்கள், கயிறு கட்டினார்கள். அவள் அப்பாவுக்குக் கயத்தாறில் லாரி வேலை. ஆந்திரா, மராட்டியம் என்று போனால் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. கோவில்பட்டியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச இருதய முகாம் போட்டபோது டீச்சர் சொல்லி நான் கூட்டிக்கொண்டு போனேன். சென்னை அரசு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். நெஞ்சில் குழாயை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். இதயத்தில் ஓட்டை என்றார்.

சென்னைக்குப் போய் எல்லாப் பரிசோதனையும் முடித்தோம். ஆபரேஷன் செய்தால் மற்றப் பிள்ளைகளைப் போல ஓடுவாள், தள்ளிப்போட்டால் நுரையீரல் கெட்டுவிடும், அப்புறம் ஆபரேஷனே செய்ய முடியாது என்று டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார். செலவு இல்லை. ஆனால் வரிசை பெரிது.

"வரிசைப்படி வந்தா ரொம்ப நாளாகும்மா. நடுவுல ஏதாவது பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து கட்டில் காலியாகும். உடனே கிளம்பி வர்றவங்களுக்குத்தான் அதைக் கொடுப்போம். உங்களுக்கு எப்படித் தகவல் சொல்றது? போன் இருக்கா?"

"பலசரக்குக் கடையில இருக்கு டாக்டர். அவிய வந்து சொல்லணும்."

டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். கடைக்குப் போன் போட்டு, கடைக்காரர் சொல்ல மறந்து, கட்டில் கைமாறிப் போன பிள்ளைகளை அவர் பார்த்திருக்கிறார். எங்கள் ஊரில் செல்போன் டவரும் கிடையாது. மெயில் பார்க்க வழி இருக்கிறதா என்று கேட்டார். வார்டுக்கென்று ஒரு மெயில் வைத்திருந்தார்கள். நான் அதுவரை கால் எடுத்து வைக்காத இடத்தை நினைத்துக்கொண்டு, "எங்க ஊரு லைப்ரரியில கம்ப்யூட்டர் இருக்கு டாக்டர்" என்று சொன்னேன். அப்படிச் சொன்னபோது எனக்கு ஏதோ சொந்தமாகத் தோட்டம் துரவு இருப்பது மாதிரி ஒரு தைரியம் வந்தது.

ஊர் திரும்பிய மறுநாள் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நூலகத்துக்குள் நுழைந்தேன். நாற்காலியில் இருந்த கால்கள் எல்லாம் கீழே இறங்கின. நூலகர் எனக்கு ஒரு மெயில் திறந்து கொடுத்தார். பூட்டுக்கு ஒரு சொல் வேண்டும் என்றார். மகள் தான் வளர்க்கும் ஆட்டுக்குட்டியின் பெயரைச் சொன்னாள். செவலை.

"செவலை. எஸ், ஈ..." என்று நூலகர் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லித் தட்டினார். எதிரிலிருந்து மாமா ஒவ்வொரு எழுத்தையும் திருப்பிச் சொன்னார். குழாயடியில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும்.

டாக்டரம்மா எழுதிக் கொடுத்திருந்த வார்டு மெயிலுக்கு நூலகரே ஒரு வரி போட்டுவிட்டார். அதன் பிறகு வேலை முடிந்து சாயங்காலம் போய்ப் பார்ப்பேன். ஒன்றும் வந்திருக்காது. ஒரு நாள் காட்டிலிருந்து திரும்பும்போது குழாயடியில் ஒரு மதினி என்னைப் பிடித்துக்கொண்டாள். "டாக்டரம்மா மெயில் போட்டிருக்காவளாம்லா. ஆபரேஷனுக்கு முன்ன புள்ளைக்குச் சொத்தைப் பல் இருக்கான்னு பாக்கச் சொல்லி." எனக்குத் தெரியாத மெயில் இவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பதற்குள் அடுத்த வீட்டுக்காரி, "நான் பாத்துட்டேன், இடது பக்கம் ஒண்ணு கறுப்பா இருக்கு" என்றாள். பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் வழியெல்லாம் என் மகளை நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்லியிருக்கிறார்கள். சந்தையில் மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்ப்பது மாதிரி! பிள்ளை தாடை வலித்து அழுதுகொண்டிருந்தாள்.

நூலகத்துக்கு நான் நடந்தேனா ஓடினேனா தெரியவில்லை. வாசலில் இருந்த பலகையில், அன்றைய வேலைவாய்ப்புச் செய்திக்குப் பக்கத்தில், என் மெயிலைத் தமிழில் எழுதிக் குண்டூசி குத்தியிருந்தது. பிடுங்கினேன். உள்ளே மாமாவும் பம்பாய் அண்ணாச்சியும் இருந்தார்கள். அண்ணாச்சி பம்பாயில் பலசரக்குக் கடையில் வெகுகாலம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். மேசையில் இங்கிலீஷ் எழுத்துப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள். நூலகர் மூலையில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"எனக்கு வந்த மெயிலை நீங்க எதுக்குப் படிச்சிய? யாரு படிக்கச் சொன்னா?"

மாமா நிதானமாகச் சட்டைப் பையிலிருந்து ரசீதை எடுத்தார். "ஏட்டி, இது யாரு பெட்டி? கவர்மெண்டுப் பெட்டி. நம்ம வரியில வந்தது. பேப்பர் மாதிரிதான? இங்கன வாரதை எல்லாருக்கும் படிச்சுக் காட்டணும்லா. நீ சாயங்காலந்தான் வருத. அதுக்குள்ள அவசரமா ஏதும் இருந்தா?"

"அப்போ எம் மக வாயில என்ன இருக்குன்னு மைக் வச்சுச் சொல்லுதியளா?"

இன்னும் என்னவெல்லாமோ சொன்னேன். எழுத முடியாதது நிறைய. நூலகர்தான் நடுவில் வந்தார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. எல்லோரும் சேர்ந்து தினமும் திறந்து பார்ப்பதை அவர் என் சம்மதத்தோடுதான் என்று நினைத்திருக்கிறார். மொழிபெயர்த்து எழுதிப் பலகையில் குத்தச் சொன்னதும் நான்தான் என்று நினைத்திருக்கிறார். "பெரியவரே, பெட்டி பொது. லைன் பொது. ஆனா அக்காவுக்கு வர்ற மெயில் அக்காவுக்கு மட்டுந்தான். தபால்காரர் கொண்டுவர்ற கவர் மாதிரி" என்று விளக்கினார்.

தபால்காரர் உதாரணம் மாமாவுக்கு உறைத்துவிட்டது. "அப்போ சரி" என்றார். ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். நான் பூட்டை மாற்றினேன். அந்தச் சொல் என்னவென்று இங்கே சொல்ல மாட்டேன்.

அடுத்த சாயங்காலங்களில் நான் நூலகத்துக்குள் நுழைந்தாலே மேசையில் உள்ளவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு தாளைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார்கள். தாள் கிடைக்காதவர் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்காருவார். நான் லைன் போட்டு, மெயில் பார்த்து, ஒன்றும் இல்லை என்று எழுந்து வெளியே வரும்வரை ஒரு தும்மல்கூடக் கேட்காது. தெருவுக்கு வந்த பிறகுதான் பேச்சுச் சத்தம் வரும். என் மரியாதையை அப்படிக் காப்பாற்றினார்கள். எனக்குச் சிரிப்பும் வரும், நெஞ்சில் ஏதோ உறுத்தவும் செய்யும். "என்ன, வந்துச்சா?" என்று ஒருத்தர் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெயில் வராத நாளில் அதைச் சொல்லி ஆற்றிக்கொள்ளக்கூட எனக்கு ஆள் இல்லை.

மாசி பிறந்ததும் மிளகாய்ப் பழம் பறிக்கும் வேலை வந்தது. எப்போதும்வென்றானைத் தாண்டிய காடுகள். விடிவதற்கு முன் லோடு ஆட்டோவில் ஏறினால், திரும்புவதற்குள் நூலகம் பூட்டியிருக்கும். வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது. மெயில் பார்க்காமலும் இருக்க முடியாது. அந்த வாரத்தில் மகளுக்கு மறுபடியும் மூச்சு வாங்கியது. படி ஏறவே நின்று நின்று ஏறினாள். டாக்டரம்மா சொன்னது காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது, தள்ளிப்போட்டால் ஆபரேஷனே செய்ய முடியாது. கட்டில் என்றைக்குக் காலியாகும் என்று யாருக்குத் தெரியும்? அன்றைக்கு மெயில் வந்து, பெட்டிக்குள்ளேயே கிடந்து, நான் மிளகாய்க் காட்டில் நின்றுகொண்டிருந்தால்?

மாமா ஆட்டைக் கிடையில் அடைத்துக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

"மாமா, பூட்டை மாத்துனேம்லா. அந்தச் சொல்லைச் சொல்லுதேன், கேட்டுக்கோங்க."

"எனக்கு எதுக்குட்டி அது? அது உன் கவருல்லா." முகத்தைத் திருப்பாமல் கிடையின் படலைச் சாத்தினார். கோபம் இறங்கவில்லை.

"நான் பழம் பறிக்கப் போறேன் மாமா. காலையில நீங்கதான் அங்கன இருக்கிய. நீங்க பாக்கலைன்னா எம் புள்ளைக்கு வேற நாதி இல்ல." படலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். "பேப்பர் படிக்கிற மாதிரியே படிங்க. சத்தமாவே படிங்க."

மாமா படலைக் கட்டி முடித்துவிட்டுத் திரும்பினார். "சத்தமா வேண்டாம். வந்துச்சா இல்லையான்னு மட்டும் பாக்கோம்." கொஞ்சம் பொறுத்து, "பலகையிலயும் குத்த மாட்டோம்" என்றார்.

சொல்லைச் சொன்னேன். உதட்டை அசைத்து இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். மறுநாள் சாயங்காலம் நான் லோடு ஆட்டோவை விட்டு இறங்கும்போது கூப்பிடு தூரத்தில் நின்றுகொண்டு தலையை இடமும் வலமும் ஆட்டினார். வரவில்லை என்று அர்த்தம். பேச்சு இல்லை. தினமும் அப்படி நின்றார். ஆட்டுக்கூட்டத்துக்கு நடுவில் அந்தத் தலையாட்டலைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். வரவில்லை என்பதைச் சொல்லவாவது ஒருவர் நிற்கிறாரே என்று இருக்கும்.

வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை. நூலகர் முந்தின நாள் ராத்திரியே ஊருக்குப் போய்விடுவார். என் விஷயம் தெரிந்தபிறகு அவர் சாவியை மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போக ஆரம்பித்திருந்தார். மெயில் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை.

அன்று நடந்ததை நான் பார்க்கவில்லை. பிறகு ஆளாளுக்குச் சொன்னதைத்தான் சேர்த்துச் சொல்கிறேன். மாமா கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றி, பெட்டிக்குக் கும்பிடு போட்டிருக்கிறார். பம்பாய் அண்ணாச்சி லைன் போட்டிருக்கிறார். முதல் தடவை போகவில்லை, இரண்டாம் தடவை கரண்ட் போய்விட்டது. கரண்ட் வந்து மறுபடி போட்டபோது வார்டிலிருந்து மெயில் வந்திருந்தது. சுருக்கமான இங்கிலீஷ். அண்ணாச்சிக்கு முழுதாக விளங்கவில்லை. கட்டில், நாளைக் காலை, மதியத்துக்குள் பதில், இந்த மூன்றும் விளங்கிவிட்டன. அது போதுமே.

சத்தமாகப் படிக்க மாட்டேன் என்று சொன்ன மாமா அன்றைக்கு நூலக வாசலில் வந்து நின்று, காட்டில் ஆட்டைக் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டிருக்கிறார். "ஏலே, புள்ளைக்குக் கட்டில் கிடைச்சிருச்சு!" ஊரே கூடிவிட்டது. மொபெட் வைத்திருந்த ஒருவரை மிளகாய்க் காட்டுக்கு விரட்டினார்கள். மதினி பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். வெளியூர் போகும் ஒருவரிடம், கயத்தாறு லாரிகள் நிற்கும் டீக்கடையில் என் வீட்டுக்காரருக்குத் தகவல் சொல்லச் சொன்னார்கள். அங்கே சொன்னால் ஒரு லாரியிலிருந்து அடுத்த லாரிக்கு வாய்வழியாகவே போய்விடும். மேசைக்காரர்கள் மட்டும் உள்ளே உட்கார்ந்து பதிலை எழுத ஆரம்பித்தார்கள். தமிழ் எழுத்து அடிக்க யாருக்கும் தெரியாது. இங்கிலீஷ் எழுத்தைப் போட்டுத் தமிழாக, அண்ணாச்சி ஒற்றை விரலால் அடிக்க, ஒவ்வொருவரும் ஒரு சொல் சொல்ல, உழவுக்கு மாடு ஓட்டுகிற வேகத்தில் அந்தப் பதில் போனதாம்.

என்னிடம் ஆள் வந்தபோது மடி நிறையப் பழம். "கட்டில்" என்ற சொல் ஒன்றுதான் என் காதில் ஏறியது. மடியை அங்கேயே அவிழ்த்துக் கொட்டிவிட்டு மொபெட்டில் ஏறினேன். மிளகாய்க் காந்தல் பிடித்த கையால் கண்ணைத் துடைத்துவிட்டேன். ஊர் வரும்வரை கண் திறக்க முடியவில்லை. வீட்டு வாசலில் என் மகள் குளித்து, தலை சீவி, பொட்டு வைத்து உட்கார்ந்திருந்தாள். தெருவில் உள்ள அத்தனை பெண்களும் ஒவ்வொருவராக அவள் நெற்றியில் கையை வைத்துக் காய்ச்சல் இல்லை என்று உறுதி செய்துகொண்டிருந்தார்கள். அன்றைக்கு யாரையும் நான் தடுக்கவில்லை. என் துணிமணிகளை யாரோ பையில் எடுத்து வைத்திருந்தார்கள். இட்லி கட்டியிருந்தார்கள். மாமா நூலகச் சாவியையும் பூட்டுச் சொல்லையும் மேசைக்காரர்களிடம் ஒப்படைத்துவிட்டுச் சலவைச் சட்டையில் நின்றார். ஆட்டை யாரிடமோ விட்டுவிட்டு அவரும் அண்ணாச்சியும் என்னோடு வருவதாக, என்னைக் கேட்காமலே முடிவு செய்திருந்தார்கள்.

கோவில்பட்டியில் சாயங்கால வண்டி ஏறினோம். மகள் மாமா மடியில் தலை வைத்துத் தூங்கினாள்.

காலையில் வார்டுக்குப் போனபோது டாக்டரம்மா எங்களைப் பார்த்ததும் முதலில் சிரித்தார். கையில் ஒரு தாள். எங்கள் ஊரிலிருந்து போன பதிலை அச்செடுத்து வைத்திருந்தார். அதை அவர் வாசித்தபோதுதான் நான் முதல் தடவையாகக் கேட்டேன். "நாங்கள் வருகிறோம். கட்டிலை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம். பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை. சளி இல்லை. அம்மா காட்டில் இருக்கிறாள், ஆள் போயிருக்கிறது." அதற்குக் கீழே இப்படிக்கு என்று போட்டு, மேசையில் இருந்த அத்தனை பேரின் பெயரும் வரிசையாக இருந்தது. கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் பெயரும் அதில் இருந்தது.

"இதுல யாரும்மா பிள்ளையோட அப்பா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா முன்னால் வந்தார். "அவன் லாரியில போயிருக்கான் டாக்டர். ஆள் சொல்லி விட்டிருக்கோம். அவன் வார வரைக்கும் இவிய எல்லாருந்தான்."

டாக்டரம்மா தாளை மடித்து என் மகளின் கேஸ் கட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை ஆபரேஷன். உள்ளே கொண்டுபோகும்போது என் மகள் என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். விரல் விரலாக நான்தான் பிரித்துவிட்டேன். அந்த நேரத்தில் நான் கும்பிட்ட தெய்வங்களுக்கு இன்னும் கடன் இருக்கிறது. மாமா சுவரோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பேசாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேசாத மாமாவைப் பார்ப்பதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. அண்ணாச்சி டீ வாங்கிவந்து, யாரும் குடிக்காமல் ஆறிப்போனது.

கதவைத் திறந்துகொண்டு டாக்டரம்மா வந்தார். முகத்தில் கட்டியிருந்ததைக் கழற்றிவிட்டுச் சொன்னார், "ஓட்டையை அடைச்சாச்சு. நல்லா இருக்கா." நான் அப்படியே அவர் காலில் விழுந்தேன். தூக்கி நிறுத்தினார். இந்தக் கையால் எத்தனை பிள்ளைகளைப் பிழைக்க வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டே அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மாமா எழுந்து வந்தார். "டாக்டர், இங்கன கம்ப்யூட்டர் எங்க இருக்கு? அங்கன எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காவ. காலையிலருந்து பெட்டி முன்னாடியே உக்காந்திருப்பாவ."

டாக்டரம்மா களைத்திருந்தார். ஆனாலும் எங்களை அழைத்துக்கொண்டு வார்டு அறைக்குப் போய், பெட்டியின் முன் உட்கார்ந்து, இரண்டு வரி அடித்தார். அடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்கிட்ட உங்க மெயில் மட்டுந்தாம்மா இருக்கு. நீங்க இங்க நிக்கிறீங்க. இதை யாருக்கு அனுப்பறது?"

"எனக்கே அனுப்புங்க டாக்டர்" என்றேன். "அங்கன படிச்சிருவாவ."